ஒற்றைக் காலில் முப்பது வரை

எனக்கு வலது கணுக்காலில் ஆப்பரேஷன் நடந்தது. வெளிப்பக்க ஜவ்வு அறுந்திருந்தது. இதே ஆப்பரேஷனுக்குப் போகிறவர்கள் இப்போது என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். போன மாதம் கரோல் பாகிலிருந்து ஒரு தச்சர் வந்தார். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன். ஏழாவது வரைதான் படித்தேன்.

நான் பெயிண்டர். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லிக்கு வந்து பதினாறு வருடம். ஜனக்புரிக்குப் பின்னால் ஒரே அறை வீடு. நான், மனைவி தனம், மகள் பவானி, தனத்தின் தம்பி மாயவன். மாயவனும் பெயிண்டர். என்னைவிட மூன்று வயது சின்னவன். ஜோடியாக வேலைக்குப் போவோம். நான் சீலிங், அவன் சுவர்.

சீலிங் என்றால் ஏணி வேலை. மூங்கில் இரட்டை ஏணி. மேலே கயிற்றால் கட்டியிருக்கும், கீழே அகட்டி நிற்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நிற்போம். ஒரு இடம் முடிந்தால் இறங்க மாட்டோம். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் ஏணியின் மறுபக்கம் தரையை விட்டு எழும்பும். அதை முன்னால் தள்ளி வைப்போம். பிறகு அடுத்த பக்கம். ஏணியோடு சேர்ந்து நடப்பது. கண் சீலிங்கில் இருக்கும். வேலை செய்வது கணுக்கால். எங்கள் காண்டிராக்டரிடம் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஏணியில் நடப்பவர்கள் மூன்று பேர். காலையில் வேலை பிரிக்கும்போது முதலில் என் பெயரைத்தான் சொல்வார்.

மார்பிள் தரையில் மூங்கில் வழுக்கும். அதனால் ஏணியின் நான்கு காலுக்கும் சாக்குத் துணி கட்ட வேண்டும். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. ஒரே நாளில் இரண்டு வீடு. ஒரு காலில் துணி கழன்றிருந்தது. கட்டட்டுமா என்று மாயவன் கேட்டான். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அரை மணியில் அந்தக் கால் வழுக்கியது. நான் குதித்தேன். பாதம் உள்பக்கமாக மடங்கியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது.

மீதி சீலிங்கை மாயவன் முடித்தான். அவன் ஏணியில் நடந்து அதுவரை நான் பார்த்ததில்லை. ஊரிலேயே பழகியிருக்கிறான். ஆறு வருடமாக என்கூட வேலை செய்கிறான், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தபடி பார்த்தேன். நன்றாக நடந்தான். ஓரக் கோடு என்னுடையதைவிட நேராக இருந்தது.

அன்று வலித்ததில் கால் பாதி, இது பாதி.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. சுளுக்கு என்றார்கள். பேண்டேஜ் கட்டினார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தேன். ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சமதரையில் மடங்கும். ஒரு சின்னக் கல் போதும். ஹோலிக்குள் நான்கு தடவை மடங்கிவிட்டது. இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எலும்பு நன்றாக இருந்தாலும், கால் அடிக்கடி மடங்கினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேர் வேண்டாம். விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். தனம் வேலை செய்யும் வீட்டில் லீவு சொல்லிவிட்டு எனக்காக நின்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தேன். பெருக்க வந்த அம்மா குதிகாலில் குந்தி உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு, அப்படியே நகர்ந்து போனார். அறுபது வயது இருக்கும். அவர் கணுக்கால் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

டாக்டர் ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்தார். மறு கையால் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர் மாதிரி பாதம் வெளியே வந்தது. இன்னொரு காலை இழுத்தார். அது வரவில்லை. ஜவ்வு போய்விட்டது என்றார். ஸ்கேன் எடுத்ததிலும் அதுதான். பவானி அந்தக் காகிதத்தைப் படித்து இந்தியில் சொன்னாள். அவளுக்குத் தமிழைவிட அது சுலபம்.

ஆப்பரேஷன் தேதிக்கு ஏழு வாரம் காத்திருந்தேன். அந்த ஏழு வாரமும் காலையில் மாயவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போவான். அது என் ஏணி. நானே மூங்கில் பார்த்து வாங்கிக் கட்டியது.

ஆப்பரேஷன் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதுகில் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். வலி தெரியாது. எலும்பில் இரண்டு சின்ன ஆணி அடித்து, அறுந்த ஜவ்வை நூலால் இழுத்து அதில் கட்டுவார்கள். ஆணியும் நூலும் நாம் வெளியே வாங்கித் தர வேண்டும். தனம் வேலை செய்யும் வீட்டம்மா பாதி கொடுத்தார், மீதிக்குத் தனத்தின் கம்மல் போனது. முக்கால் மணி நேரம். பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்றுதான் எனக்குச் சரியாக இல்லை. நர்ஸ் ஒரு காலைத் தூக்கி மருந்து தடவினார். யாருடைய கால் என்று பார்த்தேன். என்னுடையது. என் மனதில் என் கால் இரண்டும் நீட்டிப் படுத்திருந்தன. கண்ணுக்கு முன்னால் ஒன்று மேலே இருந்தது.

வார்டில் மூன்று நாள். பக்கத்துக் கட்டிலில் ரயிலில் அடிபட்டவர். முட்டிக்குக் கீழே இல்லை. பீகார்க்காரர். நாள் முழுக்க என் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன். தனம் கொண்டுவந்த ரசம் சாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டார். அப்புறமும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கிடையாது. சந்து முனையில் பொதுக் கக்கூஸ். ஊன்றுகோல் வைத்துப் போக முடியாது. வழி முழுக்கச் சாக்கடை ஓரம், உடைந்த கல். மாயவன் வேலைக்குப் போவதற்கு முன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போவான். வெளியே நின்று, திரும்பத் தூக்கி வருவான். நான் எழுபது கிலோ. அவன் கால் ஒருநாளும் பிசகவில்லை. அவன் முதுகில் இருந்தபடி கீழே குனிந்து அவன் பாதத்தையே பார்ப்பேன். பார்க்காமலே ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கால் வைத்தான்.

தனம் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். காலுக்கு அடியில் வைக்க அவள் தலையணையைக் கொடுத்துவிட்டுக் கையை மடித்து வைத்துப் படுத்தாள். பவானி பள்ளியிலிருந்து வந்ததும் என் கால்விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பாள். அவளுக்கு அது விளையாட்டு. மாயவன் வாரக் கூலியை அப்படியே அக்காவிடம் கொடுத்தான். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மீன் வாங்கி வந்தான். நடுத்துண்டை எனக்கு வைத்தாள் தனம். வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் மட்டும் இல்லன்னா நாம இந்நேரம் ஊருக்கு வண்டி ஏறியிருக்கணும்."

உண்மைதான். தட்டைத் தள்ளிவிட்டேன். முள் அதிகம் என்று சொன்னேன்.

கட்டுப் பிரித்த பிறகு பிசியோ. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மற்ற நாள் வீட்டில். ரித்து மேடம் என்று பிசியோ செய்பவர். பஞ்சாபி. சின்னப் பெண், குரல் மட்டும் பெரிது. முதலில் கட்டைவிரலால் காற்றில் ஏ பி சி டி எழுதச் சொன்னார். நான் அ ஆ எழுதினேன். ஔ வரும்போது கணுக்கால் நடுங்கும். பிறகு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பிறகு மெத்தென்ற பஞ்சுப் பலகை மேல். பிறகு அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு.

ஏன் கண்ணை மூட வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னது இது. ஜவ்வு வெறும் கயிறு இல்லை. அதற்குள் சேதி சொல்லும் நரம்புகள் இருக்கின்றன. பாதம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியாமலே நடக்கும். ஜவ்வு அறும்போது அந்தச் சேதியும் அறுந்துபோகிறது. டாக்டர் கயிற்றைக் கட்டிவிட்டார். சேதியை அவரால் கட்ட முடியாது. கண் திறந்திருந்தால் கண்ணே சேதி சொல்லிவிடும், கால் சோம்பேறியாகிவிடும். கண்ணை மூடினால்தான் கால் வேலை செய்யும். முப்பது நொடி நின்றால் ஏணி ஏறலாம் என்றார்.

முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் மறு காலை ஊன்றிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். நடக்க ஆரம்பித்துவிட்டேன் என்று காண்டிராக்டருக்குக் காட்ட வேண்டும். பெரிய ஹால். மாயவன் ஏணியில் இருந்தான். ரோலரும் கையுமாக நடந்துகொண்டிருந்தான். காண்டிராக்டர் என் தோளைத் தட்டி, பொறுமையாக வா, அவசரம் இல்லை, உன் மச்சான் இருக்கிறானே என்றார்.

டீ கொடுத்தார்கள். குடிக்கும்போது ஏணியின் காலைப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு காலில் சாக்குத் துணி கழன்று தொங்கியது. கீழே மார்பிள்.

நான் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீ ஆறிவிட்டது. ஏணி இரண்டு தடவை நகர்ந்தது. இரண்டு தடவையும் நான் அந்தக் காலைத்தான் பார்த்தேன். விழ வேண்டும் என்று நினைத்தேனா என்றால், ஆமாம். சாகக் கூடாது. கை கால் போகக் கூடாது. ஒரு கணுக்கால் போதும். அப்படிக் கணக்குப் போட்டேன். பிறகு அவன் பெயிண்ட் எடுக்க இறங்கினான். அவனே பார்த்தான். உட்கார்ந்து கட்டினான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, டீ குடிச்சியா மாமா என்று கேட்டான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உடம்பு கெட்டால் மனதும் எவ்வளவு தூரம் போகும் என்று அடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டும். மாயவன் படிக்கிறவன் இல்லை. யாராவது படித்துக் காட்டினால் காட்டட்டும்.

அன்றிலிருந்து எனக்கு அவசரம் வந்துவிட்டது. தீபாவளி வேலை தொடங்குவதற்குள் ஏணியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அவனுக்கு நிலைத்துவிடும். நான் கீழே நின்று அவனுக்குச் சுவர் தேய்க்க வேண்டும்.

அதனால் ஏமாற்றினேன். பஞ்சுப் பலகையில் நிற்கும்போது கண்ணை முழுதும் மூடவில்லை. இமைக்கு நடுவில் ஒரு கோடு விட்டேன். எதிர்ச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தது. அதன் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரம் நேராக இருக்கும் வரை நான் நேராக இருந்தேன். பெயிண்டர் கண். நூல் அளவு சாய்ந்தாலும் தெரியும். வாரா வாரம் கூடியது. எட்டு, பதினைந்து, இருபத்து நான்கு. ஆகஸ்டில் முப்பது வந்தது. ரித்து மேடம் கை தட்டினார். "ஷாபாஷ் பையா" என்றார். அங்கே இருந்த மற்ற நோயாளிகள் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவர்கள் என் காலைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது.

ஏணியில் நடப்பேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. ஏறி இறங்குவது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் மந்திர் மார்க் பக்கம் ஒரு வீடு. ஒரு பெட்ரூம், நானும் மாயவனும். நான் மேலே போகிறேன் என்றேன். நான்கு காலிலும் துணியை அவனே இறுக்கிக் கட்டினான்.

ஏறினேன். கால் வைத்தேன். கீழே பார்த்தபடி இரண்டு எட்டு நடந்தேன். சரியாக வந்தது. ரோலரை வாங்கினேன். தலையைத் தூக்கி சீலிங்கைப் பார்த்தேன்.

வெள்ளை. ஓரம் இல்லை, கோடு இல்லை, ஸ்விட்ச் போர்டு இல்லை. இடுப்பைச் சாய்த்தேன். வலது கால் எங்கே என்று தெரியவில்லை. மரத்துப்போகவில்லை, வலிக்கவும் இல்லை. இருக்கும் இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். நேராக நிற்கிறேன் என்று நினைத்தேன். ஏணி சாய்ந்துகொண்டிருந்தது.

மாயவன் தோளைக் கொடுத்தான். ஏணி அவன் தோளில் முட்டி நின்றது.

"கீழ பாத்து எறங்கு மாமா. மெதுவா."

இறங்கினேன். ரோலரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைக் கிளறினான். பிறகு அவன் ஏறினான். நான் ஏணியைப் பிடித்தேன். தேவையே இல்லை, அவனுக்கு யாரும் பிடித்ததில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூங்கில் எல்லாவற்றையும் கீழே சொல்லும். அவன் விரலை ஊன்றியது, குதிகாலைத் தூக்கியது, எடையை மாற்றியது எல்லாம் என் உள்ளங்கைக்கு வந்தது. அவன் நகர்வதற்கு முன்பே எந்தப் பக்கம் என்று தெரிந்தது. அவன் கால் எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரிகிறது, என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பட்ட பொறாமையை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

அடுத்த வாரம் ரித்து மேடத்திடம் போய், கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். உண்மையில் எத்தனை நொடி என்று கேட்டார். தெரியாது என்றேன். துப்பட்டாவை மடித்துக் கண்ணைக் கட்டினார். எண்ணினார்.

ஐந்து.

"அச்சா. ஐந்திலிருந்து தொடங்குவோம்" என்று இந்தியில் சொன்னார்.

தீபாவளி முழுக்க நான் கீழே இருந்தேன். சுவர் தேய்த்தேன், வெடிப்பை அடைக்கப் பட்டி போட்டேன். காண்டிராக்டர் காலையில் மாயவன் பெயரை முதலில் சொல்வார். எனக்கு வயிறு எரியும். வயிறு எரிந்தபடியே பட்டி போட்டேன். பட்டி நன்றாகத்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வெளியே சந்தில் பயிற்சி. ரித்து மேடம் ஒரு பழைய பஞ்சுப் பலகையைக் கொடுத்திருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தனம் அந்த நேரத்தில் இரண்டாவது வீட்டில் சமைப்பாள். பவானி எண்ணினால் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுவாள். மிஞ்சியது மாயவன். அவன்தான் எண்ணினான். வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறான் என்று தோன்றும். போனில் பார்த்து எண்ணு என்றேன். பார்த்தே எண்ணினான். அவன் எண்ணியதுதான் சரியாக இருந்தது.

ஏழு. ஒன்பது. திரும்ப ஆறு. குளிர் வந்ததும் கால் விறைத்துப்போய் இன்னும் குறைந்தது. பழையபடி வேகமாக ஏறவில்லை. ஆனால் ஒரு மாற்றம். உள்ளங்காலில் எடை முன்னால் போவது, பின்னால் வருவது தெரிய ஆரம்பித்தது. முதலில் மங்கலாக. பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் பக்கத்து அறையில் யாரோ நடப்பது தெரிகிற மாதிரி. முன்பு சாய்ந்த பிறகுதான் தெரிந்தது, இப்போது சாயும்போதே தெரிய ஆரம்பித்தது. இதுதான் குணமாவது. வேறு எதுவும் இல்லை. காத்திருங்கள்.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் மாயவன் முப்பது என்றான். நான் கண்கட்டை அவிழ்க்காமல் நின்றேன். முப்பத்து மூன்றில் மறு காலைக் கீழே வைத்தேன்.

கட்டை அவிழ்த்து அவனிடம் கொடுத்து, நீ நில்லு பார்க்கலாம் என்றேன். சிரித்தான். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். பஞ்சுப் பலகையில் ஏறிக் கண்ணைக் கட்டிக்கொண்டான். நான் எண்ணினேன். பதினொன்றில் கையைக் காலை உதறிக்கொண்டு சுவரைப் பிடித்தான். இன்னொரு தடவை நின்றான். ஒன்பது. சந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. மறைக்க விரும்பவில்லை. ஒரு வருடத்தில் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவன் கட்டை அவிழ்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தான்.

"இதையா மாமா தெனமும் பண்ற?"

ஆமாம் என்றேன். அந்த டீ குடித்த நாளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு சின்ன வேலை வந்தது. இரண்டாவது மாடி, ஒரு அறை. ஏணியைக் கொண்டுபோய் விரித்தோம். துணி கட்டினோம், அவன் இரண்டு கால், நான் இரண்டு கால்.

"மேல யாரு மாமா?" என்றான்.

முன்பு அந்தக் கேள்வியே கிடையாது. நான் என்றேன். ஏறினேன். தலையைத் தூக்கினேன். வெள்ளை. கண்ணுக்குப் பிடி எதுவும் இல்லை. இடுப்பைச் சாய்த்தேன். வலது பாதத்தின் வெளி ஓரம் மூங்கிலை அழுத்தியது தெரிந்தது. ஏணியின் ஒரு பக்கம் எழுந்தது. வைத்தேன். மறுபக்கம். அவன் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஏணியைத் தொடவில்லை. சுவர் வரை போய்த் திரும்பினேன்.

பாதி சீலிங் முடிந்ததும் இறங்கினேன். கால் வலிக்கிறது, மீதியை நீ அடித்துவிடு என்று ரோலரைக் கொடுத்தேன். அவன் ஏறினான்.

கால் வலிக்கவில்லை.